வாழிடக் காட்சிகளுக்கான செயற்கை நீர்த்தாவரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாழிடக் காட்சி என்பது என்ன? அதில் செடிகளுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பாடம் செய்யப்பட்ட, அதாவது இறந்த பின் கெடாமல் பதப்படுத்தப்பட்ட, ஒரு பறவையையோ மீனையோ வெறும் மரப்பலகையின்மீது நிறுத்திவிடாமல், அது வாழ்ந்த இடத்தின் ஒரு துண்டை மண், செடி, நீர், பின்னணி ஓவியம் ஆகியவற்றோடு சேர்த்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அமைத்துக் காட்டுவதே வாழிடக் காட்சி. அமெரிக்காவின் மில்வாக்கி அருங்காட்சியகத்தில் கார்ல் ஏக்லி 1890-இல் அமைத்த மஸ்க்ராட் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் காட்சியை இவ்வகையின் முன்னோடியாகச் சொல்வார்கள். இந்தக் கலையின் தொடக்கமே ஒரு நீர்நிலைக் காட்சியாக இருந்தது என்பது இத்துறையில் வேலை செய்பவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

செடிகளுக்கு மெனக்கெட வேண்டிய காரணம் எளியது. ஒரு முக்குளிப்பானைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளை பறவையை முதலில் பார்க்கும். அடுத்த நொடியே அதைச் சுற்றியிருப்பவற்றைப் பார்க்கும். மதுரையை அடுத்த சாமநத்தம் கண்மாய்க் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு, நீருக்குள் வளரும் வேலம்பாசி (ஹைட்ரில்லா) எப்படி இருக்கும் என்பது தெரியும். அந்தப் பாசி பொய்யாகத் தோன்றினால், உண்மையான இறகும் அலகும் கொண்ட அந்தப் பறவையும் பொய்யாகத் தோன்றத் தொடங்கிவிடும். எவ்வளவு திறமையாகப் பாடம் செய்திருந்தாலும், தவறான செடி அந்த உழைப்பைக் கெடுத்துவிடும்.

உண்மையான செடிகளையே உலர்த்தி வைத்துவிட முடியாதா?

கரையில் நிற்கும் சில செடிகளுக்கு முடியும். நீருக்குள் வாழ்பவற்றுக்கு முடியாது. கோரை, சம்பு, நாணல் போன்றவற்றில் நார் மிகுதி. அவற்றை நிழலில் உலர்த்தியோ, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு நீர் என்ற கலவையை உறிஞ்சச் செய்தோ வடிவம் கெடாமல் பாதுகாக்கலாம். நிறத்தை மட்டும் பின்னர் தீட்டிக்கொள்ள வேண்டும். வேலம்பாசியின் நிலை வேறு. நீரே தாங்கிப் பிடிப்பதால் அதன் தண்டுக்கு உறுதி தேவைப்படவில்லை. இலையும் ஓரிரு உயிரணு அடுக்குகளே கொண்ட மெல்லிய தாள் போன்றது. கரையில் எடுத்துப் போட்டால் வெயிலில் அரை மணி நேரத்தில் கரும்பச்சைக் கசடாகச் சுருங்கிவிடும். அல்லி, தாமரை இலைகள் உலர்ந்ததும் சுருண்டு, நரம்புகளுக்கிடையே நொறுங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. உலர்ந்த செடியோடு பெட்டிக்குள் நுழையும் பூச்சி அங்கேயே நிற்பதில்லை; அது இறகையும் தோலையும் தேடிப் போகும். ஆகவே உண்மையான செடிப்பகுதி எதையேனும் பயன்படுத்தினால், அதை நெகிழிப்பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் கழித்தல் 20 டிகிரியில் குறைந்தது ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டு, அதன் பின்னரே பயன்படுத்த வேண்டும்.

எந்தச் செடியைச் செய்வது என்பதை எப்படி முடிவு செய்வது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானோர் "தாமரை செய்யத் தெரியுமா?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன் மூன்று விடைகள் எழுத்தில் இருக்க வேண்டும்: காட்சி எந்த இடத்தைக் காட்டுகிறது, எந்த மாதத்தை, ஒரு நாளின் எந்தப் பொழுதை.

இடம் என்பது "நீர்நிலை" என்ற பொதுச்சொல்லோடு முடிந்துவிடுவதில்லை. மதுரையைச் சுற்றிய கண்மாய் ஒன்றின் உட்பகுதியில் கரையோரம் கோரையும் சம்பும், அதற்கு உள்ளே அல்லியும் கொட்டியும், ஆழம் கூடிய இடத்தில் வேலம்பாசியும் என்று நீரின் ஆழத்துக்கு ஏற்பச் செடிகள் மாறிக்கொண்டே போகும். வைகை ஆற்றுப்படுகையில் தேங்கும் நீரில் வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கும். கோயில் தெப்பக்குளத்தின் கற்படிகளுக்கிடையே சம்பு வளர்த்துக் காட்டினால் அது காட்சியாகாது. காலத்தையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெங்காயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்மாய் ஒன்றைக் காட்டும் பெட்டியில் அதற்கு இடமில்லை. நெய்வேலிக் காட்டாமணக்குக்கும் இதே விதிதான்.

மாதத்தைப் பொறுத்தவரை, நம் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து, தைக்குப் பின் வற்றத் தொடங்கி, பல கண்மாய்கள் சித்திரை வைகாசியில் வெடித்த தரையாகிவிடுகின்றன. நிறைந்த நீரில் அல்லிக் காம்பு நீண்டு, இலைகள் ஒன்றுக்கொன்று தள்ளி மிதக்கும்; நீர் இறங்கும்போது அதே காம்புகள் வளைந்து படுத்து, இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஓரம் பழுத்துப்போகும். நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே இருக்கும். வாலோடு பாடம் செய்த பறவையை வற்றிய கண்மாயின் பழுத்த இலைமீது நிறுத்தினால், பறவையைத் தெரிந்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

பொழுதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் கண்மாய்களில் உள்ள வெள்ளை அல்லி மாலையில் மலர்ந்து, மறுநாள் முற்பகலில் கூம்பும். நீல அல்லி பகலில் மலர்ந்திருக்கும். தாமரை காலையில் விரியும். பின்னணி ஓவியத்தில் உச்சிவெயில் வானத்தைத் தீட்டி, முன்னால் முழுதாக விரிந்த வெள்ளை அல்லியை வைத்த பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். செய்நேர்த்தியில் ஒரு குறையும் இல்லை; அந்தப் பொழுதில் அந்தப் பூ இருக்காது, அவ்வளவுதான்.

மாதிரிச் செடியைக் கண்மாயிலிருந்து எடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

கண்மாய் நீர்வளத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியதாக இருக்கலாம். மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் எடுத்தவரும் இருப்பார். அவர்களிடம் சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை. விடியற்காலையில் போங்கள். நீரிலிருந்து எடுப்பதற்கு முன்னரே அளவு, நீர்மட்டத்திலிருந்து உயரம், இலைகளுக்கிடையே உள்ள தூரம், சாயும் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நேர்மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் நீர்மட்டத்தை ஒட்டியும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்துக்குப் படத்தை நம்பாதீர்கள். சிறு அட்டைகளில் அக்ரிலிக் வண்ணத்தைக் குழைத்துத் தீட்டி, இலைக்கு அருகில் பிடித்துப் பார்த்து, பொருந்திய அட்டையை வைத்துக்கொள்வதே இன்றுவரை எனக்குத் தெரிந்த சிறந்த வழி.

எடுத்த செடியைக் கண்மாய் நீரிலேயே வாளியில் கொண்டுவர வேண்டும். வேலை முடிந்த பிறகு மீதியை வேறொரு குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடக் கூடாது. வேலம்பாசியின் ஒரு கணுத் துண்டு போதும், அது புதிய இடத்தில் வேர்விட்டுவிடும். வெங்காயத்தாமரை அதைவிட மோசம். நன்றாக உலர்த்தி எரித்துவிடுங்கள்.

பழைய அருங்காட்சியகங்களில் மெழுகு இலைகளைத்தானே பயன்படுத்தினார்கள்? இங்கும் அதையே செய்யலாமா?

மெழுகு மிக அழகான பொருள் என்பதில் ஐயமில்லை. ஒளி அதற்குள் சற்று நுழைந்து வெளிவருவதால் உயிருள்ள இலையின் சதைப்பற்று தெரியும். ஆனால் தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரியில் உருகும். அதற்கு வெகுமுன்னரே இளகத் தொடங்கும். மதுரையில் மே மாத வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதுவும் மேற்கு வெயில் படும் சுவரோரம், வெப்பம் அதைவிட மிகுதியாக ஏறும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் காட்சிக்கூடத்துக்காக நான் மெழுகில் செய்து கொடுத்த அல்லி இலைகள், கோடை விடுமுறையில் மின்விசிறியும் சாளரமும் மூடப்பட்டிருந்த இரண்டு மாதங்களில் விளிம்பு தொங்கி, நடுவிலிருந்த கம்பி வெளியே தெரியும் அளவுக்கு இளகிவிட்டன. தவறு என்னுடையதே. குளிர்நாட்டு முறையை நம் வெயிலுக்கு அப்படியே கொண்டுவந்திருந்தேன். அதன் பின் ஆண்டு முழுவதும் குளிரூட்டப்பட்ட அறை என்ற உறுதி கிடைத்தாலன்றி மெழுகை நான் எடுப்பதில்லை.

தாமரை இலையை எப்படிச் செய்வது?

தாமரை இலைக்கு அல்லியைப் போலப் பிளவு கிடையாது. காம்பு இலையின் நடுவில், அடிப்பக்கத்தில் இணைந்திருக்கும். நரம்புகள் அந்த நடுப்புள்ளியிலிருந்து நாற்புறமும் பரவி, விளிம்பை நெருங்கும்போது இரண்டிரண்டாகப் பிரியும். காம்பில் சிறு முட்கள் உண்டு. இதை விட்டுவிட்டுச் செய்பவர்கள் ஏராளம். இளஞ்செடியின் முதல் இலைகள் நீர்மேல் தட்டையாகக் கிடக்கும். பின்னர் வருபவையே குடைபோல உயர்ந்து நிற்கும். புதிய இலை இரு பக்கமும் உள்நோக்கிச் சுருண்டபடி நீரிலிருந்து வெளிவரும். ஒரு காட்சியில் இந்த மூன்று நிலைகளும் இருந்தாக வேண்டும். ஒரே அச்சில் வார்த்த பத்து இலைகளை ஒரே உயரத்தில் நட்டுவைத்தால் அது தாமரைக்குளமாகத் தெரியாது.

அச்செடுக்கும் முறை இது. சலித்த மணலை ஈரமாக்கி ஒரு தட்டில் பரப்பி, இலையின் இயல்பான குழிவுக்கு ஏற்ப மேடு செய்து, இலையை அடிப்பக்கம் மேலாக இருக்கும்படி அதன்மீது கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் காற்று இல்லாதவாறு மணலை அணைத்துக்கொள்ள வேண்டும். நரம்புகள் புடைத்திருப்பது அடிப்பக்கத்தில்தான் என்பதால் அந்தப் பக்கமே அச்சுக்கு உரியது. ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிசுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லி நீர் என்ற அளவில், பிளாஸ்டரை நீரில் தூவிக் கலக்கி, முதல் பூச்சை மென்மையான தூரிகையால் மெல்லியதாகத் தடவுங்கள். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். முதலிலேயே கனமாக ஊற்றினால் இலை வெந்து, நரம்புகள் அமுங்கிவிடும். முதல் பூச்சு இறுகத் தொடங்கியதும் அடுத்த பூச்சையும், அதனோடு சணல் நாரையும் சேர்த்துக் கனத்தைக் கூட்டலாம். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்கள் அச்சுக்குப் பிளாஸ்டரைக் கலக்கும் பதத்தை ஒருமுறை அருகிலிருந்து பார்த்துவிட்டால், எந்த எழுத்தும் கற்றுத்தராத ஒன்று கைக்குத் தெரிந்துவிடும்.

இலையின் மேற்பக்கத்தையும் அச்செடுக்க வேண்டுமென்றால் ஒரு சிக்கல் உண்டு. நீரை உருட்டிவிடும் அந்த மேற்பரப்பு பிளாஸ்டர்க் குழம்பையும் விலக்கி, இடையிடையே காற்றுக்குமிழ்களை விட்டுவிடும். மிகவும் நீர்த்த சோப்புக் கரைசலைத் தூரிகையால் பலமுறை தடவிய பின் ஊற்றினால் இது குறையும். செலவுக்கு இடமிருந்தால் சிலிக்கான் ரப்பர் நல்லது. அது நுண்ணிய நரம்பையும் விடாமல் எடுக்கும். ஆனால் பிளாட்டினத்தால் இறுகும் வகைச் சிலிக்கான், கந்தகம் கலந்த களிமண்ணையோ லேடெக்ஸ் கையுறையையோ தொட்டால் அந்த இடத்தில் இறுகாமல் பிசுபிசுத்து நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

அச்சு நன்கு உலர்ந்த பின் நரம்பின் பள்ளங்களில் ஒரு மில்லிமீட்டர் துளைகள் இட்டு, கீழே காற்றை உறிஞ்சும் பெட்டியில் வைத்து, சூடாக்கி இளக்கிய பெட்-ஜி நெகிழித்தாளை அதன்மீது இழுத்துப் படியவைப்பது ஒரு வழி. வீட்டுத் தூசி உறிஞ்சியைக் கொண்டே இந்தப் பெட்டியைச் செய்துவிடலாம். பிவிசி தாள் மலிவு என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சளாகி, அமில ஆவியை வெளிவிடும். அசிடேட் தாளும் அப்படியே, காடி நாற்றம் எடுக்கும். மூடிய பெட்டிக்குள் இந்த ஆவிகள் இறகுக்கும் கம்பிக்கும் கேடு.

நான்கைந்து இலைகளே வேண்டும் என்றால் இயந்திரம் தேவையில்லை. கஞ்சி போக்கிய மெல்லிய மல் துணியை அச்சில் பரப்பி, அக்ரிலிக் ஊடகம் எனப்படும் நிறமற்ற அக்ரிலிக் குழம்பை இரண்டு மூன்று பூச்சாகத் தடவி, முதன்மை நரம்புகளின் அடியில் மெல்லிய செம்புக்கம்பியைப் பதித்து, உலர்ந்ததும் உரித்தெடுத்தால் ஒளி ஊடுருவும் நல்ல இலை கிடைக்கும். துணியின் இழை தெரிந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். மூன்றாம் பூச்சில் அது மறைந்துவிடும்.

மேலே பனித்துளி வைக்க விரும்பினால், தாமரை இலைமேல் துளி ஏறக்குறைய உருண்டையாகவே நிற்கும் என்பதை மறவாதீர்கள். தட்டையாகப் பரவிய துளி ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த இலை தாமரை இலையாகத் தெரியாது.

அல்லி இலைக்கும் இதே முறையா?

இதே முறைதான். விளிம்பிலிருந்து காம்புவரை ஓடும் பிளவையும், இலையின் அடிப்பக்கத்தில் ஏறியிருக்கும் செம்பழுப்பையும் விட்டுவிடக் கூடாது. வெள்ளை அல்லியின் இலை விளிம்பு பற்கள் வெட்டியதுபோல் இருக்கும். அடிப்பக்கத்தில் மென்மயிர் உண்டு. இலைக்கோழி நிற்கும் இலையைத் தனியாகச் செய்யுங்கள். நீண்ட விரல்கள் எடையைப் பரப்பினாலும் அந்த இலை சற்றேனும் அமிழும். விளிம்பைத் தாண்டி மெல்லிய நீர்ப்படலம் உள்ளே வந்திருக்கும். அந்த ஒரு விரற்கடை அமிழ்வு இருந்தால்தான் பறவைக்கு எடை இருப்பது தெரியும்.

வேலம்பாசியின் நூற்றுக்கணக்கான சிறு இலைகளை எப்படிச் செய்வது?

பொறுமையோடு என்பதே முதல் விடை. வேலம்பாசியில் ஒவ்வொரு கணுவையும் சுற்றி மூன்று முதல் எட்டு இலைகள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையும் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில், விளிம்பில் நுண்ணிய பற்களோடு இருக்கும். இளம்பச்சைச் சாயமேற்றிய மிக மெல்லிய நெகிழித்தாளில் ஐந்து அல்லது ஆறு கதிர்கள் கொண்ட விண்மீன் வடிவங்களை வெட்டி, நடுவில் ஊசியால் துளையிட்டு, தூண்டில் நரம்பில் பூக்கோப்பதுபோல் கோத்து, ஒவ்வொன்றையும் ஒரு துளிப் பசையால் நிறுத்த வேண்டும். வெட்டுவதற்கு ஓர் இரும்பு அச்சை லேத் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது. நுனியில் கணுக்கள் நெருங்கி, இலைகள் மேல்நோக்கிக் குவிந்து ஒரு மொட்டுப்போல் இருக்கும். கீழே போகப் போகக் கணுக்களின் இடைவெளி மூன்று மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்வரை விரியும். அடித்தண்டில் இலைகள் உதிர்ந்தும் பழுத்தும் பாசி படிந்தும் இருக்கும். சீரான இடைவெளியில் கோத்த தண்டு பூச்சரம் போலத் தோன்றிவிடும். நீர்மட்டத்தை எட்டியதும் இச்செடி கிளைவிட்டுப் பாய்போலப் படரும் என்பதால், நாற்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள காட்சியில் கீழே பத்துத் தண்டுகள் என்றால் மேலே முப்பது நுனிகளாவது வேண்டும்.

வேரே இல்லாமல் மிதக்கும் செராட்டோஃபில்லம் செடிக்கு வேறு வழி உண்டு. அதன் இலைகள் கவட்டைபோலப் பிரிந்து மயிரடர்ந்து இருப்பதால், இரண்டு மெல்லிய கம்பிகளுக்கிடையே நைலான் இழைகளை வைத்து முறுக்கினால், புட்டி கழுவும் தூரிகை செய்வதுபோலவே, நிமிடத்தில் ஒரு தண்டு உருவாகிவிடும். நாடா போன்ற இலைகளைக் கொண்ட வாலிஸ்நேரியாவுக்கு நெகிழித்தாளை நீளநீளமாக நறுக்கி, மழுங்கிய ஊசியால் நரம்புக்கோடு கீறினால் போதும்.

வெங்காயத்தாமரையும் ஆகாயத்தாமரையும் ஒன்றா?

மதுரையில் பேச்சு வழக்கிலும் செய்திகளிலும் ஆகாயத்தாமரை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஊதாப்பூ பூக்கும் வெங்காயத்தாமரை. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு. காம்பும் கண்கவர் பூவும் இன்றி, வெல்வெட்டுப் போன்ற இலைகள் ரோசாப்பூ அடுக்கில் மிதக்கும் பிஸ்டியா அது. வேலையை ஏற்கும்போது எந்தச் செடி என்பதைப் படம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வெங்காயத்தாமரை செய்வோர் எல்லாக் காம்புகளையும் உருண்டையாகவே செய்துவிடுகிறார்கள். திறந்த நீரில் தனித்து மிதக்கும் செடியின் காம்புதான் வெங்காயம்போல் உப்பும். நெருக்கமான கூட்டத்தின் நடுவில் காம்புகள் ஒல்லியாக, நெடிது உயர்ந்து நிற்கும். பூவின் மேலிதழில் மட்டும் மஞ்சள் பொட்டு இருக்கும். வேர்கள் கருஊதா நிறத்தில் இறகுபோல் தொங்குபவை. சாயமேற்றிய பஞ்சுநூலைப் பிரித்துச் சீவினால் அந்தத் தோற்றம் வரும்.

சம்புக்கு என்ன செய்வது?

உண்மையான இலைகளைக் கிளிசரினில் பதப்படுத்திப் பயன்படுத்தலாம். கதிரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்: முற்றிய கதிர் பெட்டிக்குள்ளேயே வெடித்து, பஞ்சு முழுவதும் இறகில் ஒட்டிவிடும். முற்றுவதற்கு முன்பே அறுத்து, உலர்த்தி, நீர்த்த பசையால் இரண்டு முறை பூசுங்கள். நம் பக்கத்துச் சம்பில் பெண்கதிருக்கும் அதன் மேலுள்ள ஆண்கதிருக்கும் இடையே கொஞ்சம் வெறுந்தண்டு தெரியும். நீலத் தாழைக்கோழியைக் காட்டும் காட்சியென்றால், கடித்துப் பிய்த்த இளந்தண்டுகள் சிலவற்றை அதன் காலடியில் போட்டுவையுங்கள். அது அப்படித்தான் தின்னும்.

நெட்டியைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. நெட்டியும் நீர்நிலையில் வளரும் செடிதான். அதன் வெண்மையான, எடையற்ற தண்டைச் செதுக்கித்தான் தஞ்சாவூரில், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த நெட்டி வேலைப்பாடுகளைச் செய்கிறார்கள். தாள்போலச் சீவிய நெட்டியில் அல்லி இதழ்கள் செய்தால், நெகிழியில் வராத ஒரு மென்மை வருகிறது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், பூச்சிக்கும் இரையாகும். ஆதலால் உறையவைத்துப் பூச்சி நீக்கி, அக்ரிலிக் பூச்சால் மூடிய பின்பே பெட்டிக்குள் போக வேண்டும். ரெசின் நீருக்குள் நெட்டியை நேரடியாகப் பதிக்கவே கூடாது, நாள்முழுவதும் குமிழ்விட்டுக்கொண்டிருக்கும்.

பச்சை நிறம் ஏன் எப்போதும் பொம்மைப் பச்சையாகவே வந்துவிடுகிறது?

புட்டியிலிருந்து எடுத்த பச்சையை அப்படியே தீட்டுவதால். தாலோ பச்சை வெளிச்சத்தில் மங்காத நல்ல நிறமி. அதனோடு மஞ்சட்காவியும் சிறிது செங்காவியும் சேர்த்தால்தான் கண்மாய்ப் பச்சை வரும். இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஒளி தெரிய வேண்டும். எனவே முதலில் நெகிழிக்கே சாயமேற்றி, பிறகு ஏர்பிரஷ்ஷால் மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். கெட்டியான ஒரே பூச்சு இலையைத் தகரமாக்கிவிடும். காட்சிக்கூடத்தில் எந்த விளக்கு எரியுமோ அதே விளக்கின் கீழ் நிறம் பாருங்கள்.

பிறகு சிதைவு. நத்தை அரித்த துளை, புழு தின்ற விளிம்பு, பழுத்த மஞ்சள், நீர்மட்டம் இறங்கியபோது படிந்த சேற்றுக்கோடு. கண்மாயின் கரம்பை மண்ணை வறுத்து, துணியில் சலித்து, நீர்த்த பசையில் கலந்து கீழ் இலைகளின்மேல் தெளித்தால் கிடைக்கும் தோற்றத்தை எந்த வண்ணமும் தராது. குறைந்தது மூன்றில் ஒரு இலையாவது முழுமையற்றதாக இருக்கட்டும்.

நீரை எதனால் செய்வது?

நீருக்குள் பார்க்கத் தேவையில்லாத, ஆழம் குறைந்த காட்சிக்கு எபாக்சி ரெசின் பொருந்தும். தயாரித்த நிறுவனம் சொல்லும் கனத்துக்கு மேல் ஒரே முறையில் ஊற்றக் கூடாது. ரெசின் இறுகும்போது உண்டாகும் வெப்பம் தேங்கி, விரிசலும் மஞ்சளும் வரும், நெகிழி இலைகளும் நெளிந்துவிடும். பாலியெஸ்டர் ரெசின் மலிவானது. ஆனால் அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். அடித்தளம் தெர்மாகோலாக இருந்தால் அதை நெருங்கவே விடாதீர்கள்.

நீருக்கு மேலும் கீழும் காட்ட வேண்டுமென்றால், நீரே வேண்டாம் என்பது என் துணிபு. மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை நீர்மட்டமாக வைத்து, அதன் மேற்பரப்பில் தெளிவான ஜெல்லால் சிற்றலைகளைத் தீட்டி, கீழே வெறும் காற்றை விட்டு, பின்னணியை ஆழம் செல்லச் செல்லப் பழுப்புப்பச்சையில் மங்கவிட்டு, மேலிருந்து மட்டும் ஒளி பாய்ச்சினால், பார்ப்பவர் கண் அந்தக் காற்றை நீராகவே ஏற்றுக்கொள்ளும். ரெசின் கட்டிக்குள் அடைபட்ட செடியைப் பிற்காலத்தில் பழுதுபார்க்க முடியாது. இந்த முறையில் முடியும்.

நீருக்குள் நிற்க வேண்டிய செடிகள் தொங்கிவிடுகின்றனவே?

உயிருள்ள செடியின் தண்டிலுள்ள காற்றறைகள் அதை மேலே தூக்குகின்றன. நம் செடியைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. ஆகவே தண்டை அடியில் நட்டு நிறுத்த முயலாமல், மேலே உள்ள அக்ரிலிக் தகட்டிலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பால் தொங்கவிட்டு, அடியை மட்டும் மண்ணில் தளர்வாகப் பொருத்துங்கள். கண்மாய் என்றால் எல்லாம் ஏறக்குறைய நேராக நிற்கும். வாய்க்கால் அல்லது ஆறு என்றால் எல்லாம் ஒரே திசையில் சாயும். விரால் மீனைக் காட்டினால் அதன் வாலுக்குப் பின்னால் இரண்டு தண்டுகளை மட்டும் விலக்கி வளைத்துவிடுங்கள்.

மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் நெகிழிச் செடிகள் போதாதா?

போதாது. அவற்றில் பல அமேசான் வாள்செடி, கபோம்பா போன்ற தென்னமெரிக்கச் செடிகளின் சாயல். தூரத்துப் பின்வரிசையை நிரப்ப, நிறம் மாற்றித் தீட்டி, ஒன்றிரண்டைப் பயன்படுத்தலாம்.

காட்சிக்கான பறவையை எங்கிருந்து பெறுவது?

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இதில் கண்டிப்பானது. பட்டியலில் உள்ள உயிரினத்தை வேட்டையாடுவது குற்றம்; இறந்து கிடப்பதைக் கண்டெடுத்தாலும் அது அரசின் உடைமை, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமம் இன்றிப் பாடம் செய்யவும் கூடாது. கல்லூரிகளும் அருங்காட்சியகங்களும் தங்களிடம் முன்பே உள்ள பழைய உடல்களுக்குப் புதிய காட்சி அமைத்துத் தருமாறு கேட்பதே எங்களுக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதி. அப்படிப்பட்ட பழைய உடல்களில் ஆர்சனிக் தடவியிருக்க வாய்ப்பு மிகுதி. நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் இன்றித் தொடாதீர்கள். அவற்றிலிருந்து உதிரும் தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ரெசின், சிலிக்கான் வேலைகளை வீட்டில் செய்யலாமா?

காற்றோட்டமுள்ள மொட்டைமாடிக் கொட்டகை என்றால் செய்யலாம், சமையலறையில் கூடாது. எபாக்சி தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் வாழ்நாள் ஒவ்வாமையாக மாறிவிடும்; பிறகு அந்த வேலையையே விட வேண்டிவரும். பிளாஸ்டர்த் தூளைக் கலக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

அமைத்து முடித்த பிறகு பராமரிப்பு என்ன?

பெட்டியின் இணைப்புகளைத் தூசி புகாமல் அடைத்து, எல்இடி விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் மின்மாற்றியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை, கோடைக்கு முன்பும் மழைக்காலம் முடிந்ததும், திறந்து பார்த்தால் போதும். இலைகளில் தூசி இருந்தால் மென்மையான ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டி, உறிஞ்சியை ஒரு கையில் அருகில் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் பொடிபோல ஏதேனும் உதிர்ந்திருந்தால் அதை உருப்பெருக்கியில் பாருங்கள். பூச்சி உரித்த தோலாக இருந்தால் காட்சி முழுவதையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகக் கழற்றும்படி பொருத்தி, எந்தச் செடி எந்தத் துளையில் என்ற வரைபடத்தைப் பெட்டியின் பின்பலகையில் ஒட்டிவைக்கிறேன். எனக்குப் பின் அதைத் திறப்பவர் எந்தச் செடியையும் உடைக்காமல் எடுக்க அது உதவும்.